ஜெயக்கொடி வாரித் தூற்றிய மண்

கருப்பன் கோயில் வாசலில் நின்று அண்ணன் குடும்பத்தின் மேல் மண்ணை வாரித் தூற்றியது ஜெயக்கொடியா, அவள் கழுத்துக்குள் யாருக்கும் தெரியாமல் வளர்ந்துகொண்டிருந்த கட்டியா? பழங்காநத்தத்தில் அவளை அறிந்தவர்களும், செக்கானூரணிக்கு மேற்கே அவள் பிறந்த ஊர்க்காரர்களும் சில வருடங்கள் இந்தக் கேள்வியைப் பேசினார்கள். பெரும்பாலோர் தங்களுக்கு வசதியான பதிலை முதலில் எடுத்துக்கொண்டு, காரணத்தைப் பிறகு தேடினார்கள். எல்லாக் கேள்விகளுக்கும் நடப்பதுதான் இது.

ஜெயக்கொடிக்குப் பழங்காநத்தம் பஸ் ஸ்டாண்டின் பின்பக்கத் தெருவில் இட்லிக் கடை. மாவரைப்பது, அடுப்பு மூட்டுவது, தண்ணீர் சுமப்பது கணவன் மலைச்சாமியின் பாடு. வியாபாரமும் பேச்சும் அவளுடையவை. தெற்கே போகும் பஸ்களின் டிரைவர்களும் கண்டக்டர்களும் அங்கே சாப்பிட்டார்கள். இட்லி சுமாராகத்தான் இருக்கும். அவள் வாய்க்காகவே வந்தவர்கள் அதிகம்.

"ஏக்கா, சட்னில உப்பக் காணோம்" என்பார் ஒருவர்.

"ஒம் மொகத்துலதான் களையக் காணோம், நான் கேட்டேனா? தின்னுட்டு எந்திரி."

எல்லோரும் சிரிப்பார்கள். கடைசியில் அவளும் சிரிப்பாள். அந்தச் சிரிப்பு இருந்தவரை அவள் பேச்சைக் கோபம் என்று யாரும் எண்ணவில்லை.

1996 ஐப்பசியில் அவளுடைய அம்மா இறந்துபோனாள். பக்கத்து மெடிக்கல் கடை போனுக்குத் தகவல் வந்தது. ஜெயக்கொடியும் மலைச்சாமியும் மகள் திவ்யாவும் கிடைத்த பஸ்ஸில் ஏறினார்கள். மூன்று நாளாக அடைமழை. நாகமலை புதுக்கோட்டைக்கு அப்பால் ரோட்டின் குறுக்கே மரம் விழுந்து கிடந்தது. பஸ் நின்றுவிட்டது. அவர்கள் நனைந்துகொண்டே நடந்து, ஒரு டிராக்டரில் தொற்றி ஊருக்குப் போய்ச் சேர்ந்தபோது பெண்கள் வாசலைக் கழுவிவிட்டுக்கொண்டிருந்தார்கள். அடுத்த மழை இறங்குவதற்குள் எடுத்துவிட வேண்டும் என்று ஊர்ப் பெரியவர்கள் சொல்ல, அண்ணன் காசிமாயன் தலையாட்டியிருந்தான். மயானத்தில், மூடுவதற்கு முன் வழக்கமாகக் கொடுக்கும் குரலைக் கொடுத்திருந்தார்கள்: "மொகம் பாக்குறவங்க பாத்துக்கங்க." பார்க்க வேண்டியவள் டிராக்டரில் வந்துகொண்டிருந்தாள்.

அவள் அன்றைக்கு அழவில்லை. கருமாதி முடியும்வரை அந்த வீட்டில் இருந்தாள், யாரோடும் பேசாமல். கருமாதி அன்று பந்தி முடிந்து எல்லோரும் கருப்பன் கோயிலுக்குப் போனபோது முன்னால் போய் நின்றாள். குனிந்து மண்ணை வாரினாள்.

"எங்காத்தா மொகத்த எனக்குக் காட்டலேல்ல? ஒம் புள்ள மொகத்த நீ பாக்காமத்தான் போவ. கருப்பா, கேட்டுக்க!"

மூன்று பிடி. மூன்றாவது பிடி காசிமாயனின் நெஞ்சில் விழுந்தது. பெண்கள் அவள் கையைப் பிடிக்க ஓடி வந்தார்கள். காசிமாயன் அசையவில்லை. சட்டையில் இருந்த மண்ணைத் தட்டிவிடவும் இல்லை.

அவனுக்கு ஒரே மகன், சோலை. திவ்யாவுக்கு முறை மாப்பிள்ளை. இரண்டு வீட்டிலும் வாய்விட்டுச் சொல்லாமலே முடிவாகியிருந்த சம்பந்தம். சோலை லாரியில் கிளீனராக வடக்கே போய்வந்துகொண்டிருந்தான். அடுத்த கோடையில் நாகபுரிக்குப் பக்கத்தில் எங்கோ அவன் போன லாரி தீப்பிடித்தது. உடலைத் துணியில் இறுக்கச் சுற்றிக் கொண்டுவந்தார்கள். கொண்டுவந்தவர்கள் பிரிக்க வேண்டாம் என்று மட்டும் சொன்னார்கள். காசிமாயன் தலைமாட்டு முடிச்சில் கையை வைத்துக்கொண்டு நின்றான். பெரியவர்கள் கையை எடுத்துவிட்டார்கள். மயானத்தில் அன்றைக்கு அந்தக் குரலை யாரும் கொடுக்கவில்லை.

ஜெயக்கொடி மெயின் ரோட்டிலிருந்து ஊருக்குப் பிரியும் விலக்கில் பஸ்ஸை விட்டு இறங்கியிருந்தாள். ஊருக்குள் வர வேண்டாம் என்று இரண்டு பெண்கள் வந்து சொன்னார்கள். அவர்கள் அவளைத் திட்டவில்லை. அவள் முகத்தைப் பார்க்காமல் பேசினார்கள். அடுத்த பஸ்ஸில் திரும்பினாள். பின்னாலேயே சேதி வந்தது: இனி அண்ணன் வீட்டோடு நீர் தண்ணி கிடையாது, பேச்சு வார்த்தை கிடையாது.

அந்த வருடக் கடைசியில் அவளுக்குச் சிறுநீரகத்தில் கல் வந்தது. அது போனது, அடுத்தது வந்தது. பிறகு தாகம். இட்லிக் கொப்பரைக்குப் பக்கத்தில் தனக்கென்று ஒரு குடம் வைத்துக்கொண்டாள், மத்தியானத்துக்குள் அது காலியாகிவிடும். பிறகு முழங்கால், இடுப்பு, விலா என்று எலும்பெல்லாம் வலி. அவள் சிரிப்பு போயிற்று. பேச்சு மட்டும் மிஞ்சியது. உப்பு இல்லை என்று சொன்ன ஒரு டிரைவரின் இலையை எடுத்துச் சாக்கடையில் வீசினாள். மாவுக் கரண்டியால் மலைச்சாமியை அடித்தாள். சில நாள் காலையில் எழாமல் சுவரைப் பார்த்துப் படுத்திருப்பாள். கருப்பன் அவளையும் விடவில்லை என்று ஊரில் பேசிக்கொண்டார்கள். சிலர் அதைத் திருப்தியோடு சொன்னார்கள்.

மலைச்சாமி அவ்வளவு பேசத் தெரிந்தவன் இல்லை. செய்யத் தெரிந்தவன். எலும்பு வலி என்றால் சுண்ணாம்புச் சத்துக் குறைவு. இது அவனுக்கு மட்டுமில்லை, அந்தத் தெருவில் எல்லோருக்கும் தெரிந்தது. கண்மாய் நண்டு வாங்கி ரசம் வைத்துக் கொடுத்தான். கேப்பைக் கூழ், பிரண்டைத் துவையல், ராத்திரி ஒரு லோட்டா பால். வெற்றிலைக்குத் தடவும் சுண்ணாம்பைக்கூட ஒரு விரல் கூட்டித் தடவினான். கம்பவுண்டர் ஒருவர் எலும்புக்குப் பலம் என்று வெள்ளை மாத்திரையும் ஊசியும் கொடுத்தார். இதெல்லாம் நான்கு வருடம் நடந்தது. அவன் எவ்வளவு கவனமாகக் கொடுத்தானோ, அவ்வளவுக்கு அவள் தாகம் கூடியது. குடத்துக்குப் பக்கத்தில் இன்னொரு குடம் வந்தது.

இதற்கிடையில் பஸ் ஸ்டாண்டு மாட்டுத்தாவணிக்குப் போய்விட்டது. கடைக்குப் பட்டறை ஆட்கள் கொஞ்சம் பேர் வந்தார்கள். பழைய கூட்டத்தில் நல்லகாமன் என்ற கண்டக்டர் மட்டும், வீடு அதே தெருவில் இருந்ததால், தினமும் வந்தான். ஊருக்கும் அவளுக்கும் நடுவில் சேதி சொல்ல மிச்சமிருந்த ஒரே ஆளும் அவன்தான். இரண்டு வீட்டுக்கும் உறவு.

2001 மார்கழியில் ஒரு காலை, கொப்பரை மூடியைத் தூக்கும்போது அவள் மணிக்கட்டு ஒடிந்தது. மூடி அப்படியொன்றும் கனமில்லை. எலும்பு டாக்டர் எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் பிடித்து வெகுநேரம் பார்த்தார். கட்டுப் போடுவதற்கு முன்பே ரத்தம் எடுக்கச் சொன்னார். ரத்தத்தில் கால்சியம் இருந்த அளவைப் பார்த்ததும் அவளை ஸ்ரீலட்சுமி என்ற டாக்டரிடம் அனுப்பினார்.

ஸ்ரீலட்சுமி வீட்டில் சௌராஷ்டிரம் பேசும் குடும்பத்தில் பிறந்தவர். ஸ்கேன் பார்ப்பதில் தேர்ந்தவர், குறைவாகப் பேசுபவர். ஜெயக்கொடியின் கழுத்தில் பசையைத் தடவிக் கருவியை மெல்ல நகர்த்தினார். திரையில் சாம்பல் நிறத்துக்கு நடுவே ஒரு கருத்த உருண்டை தெரிந்தது. நாவல் கொட்டை அளவு.

"தைராய்டுக்குப் பின்னால நாலு சின்னச் சுரப்பி இருக்கும், பாராதைராய்டுன்னு பேரு. ஒவ்வொண்ணும் பயறு மாதிரி. அதுல ஒண்ணு வீங்கிப்போச்சு. புத்துநோய் இல்லை, பயப்படாதீங்க" என்றார். "ஆனா முதல்ல அந்தக் கால்சியம் மாத்திரையை நிறுத்துங்க."

மலைச்சாமிக்குப் புரியவில்லை. "எலும்பு நோகுதுன்னா சுண்ணாம்புச் சத்துக் கம்மின்னுதான டாக்டரம்மா?"

"எலும்புல கம்மி. ரத்தத்துல ஏகம். எலும்பைக் கரைச்சு ரத்தத்துல விடுறதுதான் இந்தக் கட்டியோட வேலை. நீங்க அதுக்கு மேல கொட்டிக்கிட்டு இருந்திருக்கீங்க."

மலைச்சாமி தன் கைகளைப் பார்த்துக்கொண்டான். ஜெயக்கொடி கட்டிலில் படுத்தபடியே, "நண்டா வாங்கியாந்து போட்டீயேய்யா" என்றாள். அவள் வாயிலிருந்து வந்தவற்றில் அது பெரிய வசவு இல்லை. அவன் அதைத்தான் கடைசிவரை மறக்கவில்லை.

கட்டியை அறுத்து எடுப்பதுதான் வழக்கம். ஆனால் சிறு வயதில் வந்த காய்ச்சல் ஒன்று அவள் இதய வால்வைக் கெடுத்துவைத்திருந்தது. முழு மயக்கம் கொடுக்க மயக்க மருந்து டாக்டர் சம்மதிக்கவில்லை. ஸ்ரீலட்சுமி வேறொரு வழி சொன்னார். ஸ்கேனில் பார்த்துக்கொண்டே மெல்லிய ஊசியைக் கட்டிக்குள் இறக்கிச் சுத்தமான ஆல்கஹாலைச் செலுத்துவது. அது பட்ட இடம் செத்துச் சுருங்கும். கத்தி இல்லை, தையல் இல்லை. ஒரே தடவையில் முடியாது, சில வாரம் விட்டு விட்டு மறுபடி குத்த வேண்டும்.

"ஒண்ணு சொல்லிடறேன்" என்றார். "குரலுக்குப் போற நரம்பு அந்தக் கட்டியை ஒட்டித்தான் ஓடுது. மருந்து கொஞ்சம் வெளியே கசிஞ்சாலும் குரல் கம்மிப்போகலாம். திரும்பலாம், திரும்பாமலும் போகலாம்."

"போனா எல்லாரும் நிம்மதியா இருப்பாங்க" என்றாள் ஜெயக்கொடி.

மலைச்சாமி அறையை விட்டு வெளியே வந்தபிறகு மறுபடி உள்ளே போனான். அவனுக்கு ஒன்று கேட்க வேண்டியிருந்தது. அவளுடைய கோபமெல்லாம் இதனாலா?

"இருக்கலாம். கால்சியம் கூடினா சிடுசிடுப்பு வரும், மனசு சோர்ந்துபோகும். சில பேருக்குப் புத்தியே தடுமாறும்."

"எம்புட்டு வருசமா இருக்கும் டாக்டரம்மா இது? தொண்ணூத்தாறுல இருந்திருக்குமா?"

"கல்லு எப்ப வந்துச்சு?"

"தொண்ணூத்தேழு கடேசி."

"அதுக்கு முன்னாடியே தொடங்கியிருக்கலாம். தொடங்காமலும் இருந்திருக்கலாம். எவ்வளவு நோய், எவ்வளவு அவங்க குணம்னு பிரிச்சுச் சொல்ல ஒரு டெஸ்ட்டும் கிடையாது."

டாக்டர் சொன்னது இரண்டு பக்கமும் சாயாத பதில். மலைச்சாமி அதில் ஒரு பக்கத்தை மட்டும் எடுத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தான். 'இருக்கலாம்' என்பது பஸ்ஸில் வரும்போதே 'இருந்தது' ஆகிவிட்டது. அவனைக் குறை சொல்ல முடியாது. திவ்யாவுக்குத் திருமங்கலம் பக்கம் வரன் பேசி முடித்திருந்தார்கள். ஆவணியில் கல்யாணம். தாய்மாமன் மாலை போட்டு நெற்றியில் பட்டம் கட்டாமல் அவர்கள் இனத்தில் பெண் மணமேடை ஏறுவதில்லை. மாப்பிள்ளை வீட்டார் இரண்டு தடவை கேட்டுவிட்டார்கள்: "மாமன் வருவார்ல?"

தை மாதம் முதல் ஊசி. தோலை மரக்கச் செய்துவிட்டு, பேசக் கூடாது, எச்சில் விழுங்கக் கூடாது, அசையக் கூடாது என்றார் ஸ்ரீலட்சுமி. வாழ்க்கையில் முதல் தடவையாக யாரோ சொல்லி அவள் வாயை மூடிக்கொண்டு கிடந்தாள். ஊசி இறங்கியது. திரையில் ஒரு வெள்ளைக் கோடு கருத்த உருண்டைக்குள் போய் நின்றது. மருந்து உள்ளே போனதும் உருண்டை மேகம் படர்வதுபோல் வெளுத்தது. வலி காதுக்கும் தாடைக்கும் ஏறியது. கண்ணீர் மட்டும் வழிந்தது. ஊசியை எடுத்தபின், "ஏதாவது பேசுங்க" என்றார் டாக்டர், குரலைச் சோதிக்க.

"என்னாத்தப் பேச?" என்றாள். குரல் இருந்தது.

இரண்டாம் ஊசிக்குப் பின் அதே கேள்விக்கு அவள் வாயைத் திறந்தாள். காற்றுதான் வந்தது. ஸ்ரீலட்சுமி முகம் மாறாமல், "பொறுத்துப் பாப்போம்" என்றார். மூன்றாவது ஊசியை மிகவும் தள்ளிப் போட்டு, மிகவும் கொஞ்சமாகப் போட்டார். அதன்பின் உதடும் விரல் நுனியும் மரமரத்தன. பட்டினி கிடந்த எலும்புகள் ரத்தத்தில் இருந்த கால்சியத்தை இப்போது இழுக்கத் தொடங்கியிருந்தன. டாக்டர் கால்சியம் மாத்திரை எழுதிக் கொடுத்தார். சீட்டைக் கையில் வாங்கிய மலைச்சாமி, "இதக் கொடுக்கலாமா?" என்று இரண்டு தடவை கேட்டுவிட்டுத்தான் நகர்ந்தான்.

ஊருக்குச் சேதி கொண்டுபோனது நல்லகாமன். காசிமாயன் தோட்டத்து மோட்டார் ரூம் வாசலில் உட்கார்ந்திருந்தான்.

"கழுத்துல சாராயத்த ஊத்துறாங்களா?" என்றான் காசிமாயன். "கருப்பனுக்குப் படைக்கிறத அவளுக்குப் படைக்கிறாங்களாக்கும்."

"சாராயம் இல்லண்ணே, ஆல்கஹாலு."

"ரெண்டும் ஒண்ணுதாம்ப்பா. பேருதான் வேற." வாய்க்காலில் ஓடும் தண்ணீரைப் பார்த்தான். "அவ கோவம் அடங்கிருச்சா?"

"அடங்கிருச்சுண்ணே. கட்டிதான் அவளப் பேச வச்சுச்சுன்னு டாக்டரே சொல்லிட்டாராம்."

"கட்டி பேசுமா?"

காசிமாயன் எழுந்து மோட்டாரை நிறுத்தினான். "பாப்போம்" என்றான்.

கோபம் அடங்கியது உண்மை. வைகாசிக்குள் குடம் ஒன்றாகி, அதுவும் சாயங்காலம் வரை இருந்தது. எலும்பு வலி குறைந்தது. குரல் பாதி திரும்பியது. உரக்கக் கூப்பிட முடியாது, பக்கத்தில் இருப்பவருக்குக் கேட்கும். அவள் எழுந்தாள், மாவு கரைத்தாள், இட்லி ஊற்றினாள், யாரையும் வையவில்லை. தெருவே அவளைக் கவனித்துக்கொண்டிருந்தது. ஒரு நாள் நல்லகாமன் வேண்டுமென்றே தட்டைத் தள்ளினான்.

"என்னக்கா சட்னி இது, மாடு திங்குமா?"

பட்டறை ஆட்கள் சிரிக்கத் தயாராக நிமிர்ந்தார்கள்.

"வேற அரைச்சுத் தாரேன் தம்பி, செத்த இரு" என்றாள்.

யாரும் சிரிக்கவில்லை. நல்லகாமன் அந்தச் சட்னியையே வழித்துத் தின்றுவிட்டு எழுந்து போனான். அன்று மலைச்சாமியிடம், "மாமா, நல்லாத்தான் இருக்கு. ஆனா என்னமோ மாதிரி இருக்கு" என்றான். திவ்யாவும் அதையேதான் வேறு விதமாகச் சொன்னாள். அம்மா பின்னால் வந்து நிற்பது தெரிவதேயில்லை, திரும்பினால் பக்கத்தில் நிற்கிறாள் என்றாள். ஒரு மனிதரின் பிடிக்காத குணத்தோடு பல வருடம் வாழ்ந்துவிடலாம். அந்தக் குணம் ஒரு நாள் இல்லாமல் போனால், மிச்சம் இருப்பது யார் என்று வீட்டில் இருப்பவர்களுக்கே தெரிவதில்லை.

எதிர் டீக்கடை பெஞ்சில் ஒரு நாள் காசிமாயனும் வந்து இருந்து பார்த்தான். துண்டைத் தலையில் போட்டுக்கொண்டு இரண்டு டீ குடிக்கும் நேரம். அவள் இலை எடுப்பதை, தண்ணீர் வைப்பதை, ஒரு குடிகாரன் கடன் சொல்லிவிட்டுப் போகும்போது வெறுமனே தலையாட்டுவதைப் பார்த்தான். அவள் அவனைப் பார்த்தாளா என்று தெரியாது. கடையை விட்டு அவள் வெளியே வரவில்லை. காசிமாயன் வீட்டுக்குப் போய்ச் சொல்லியனுப்பினான்: "பத்திரிகையோட தட்ட எடுத்துக்கிட்டு வரச் சொல்லு."

ஆனி மாதம் அவர்கள் போனார்கள். மலைச்சாமி தட்டில் வெற்றிலை, பாக்கு, பழம், பத்திரிகை எல்லாம் தானே அடுக்கினான். ஐந்து வருடத்துக்கு மேல் கழித்து ஜெயக்கொடி அந்த விலக்கில் இறங்கி ஊருக்குள் நடந்தாள். காசிமாயனின் மனைவி செல்லக்கிளி சொம்பில் தண்ணீர் கொண்டுவந்தாள். சோலையைப் பெற்றவள். சொம்பைக் கையில் கொடுக்காமல் திண்ணையோரம் தரையில் வைத்தாள்.

"அத இப்பக் குடிக்க வேணாம்" என்றான் காசிமாயன். குரலில் கடுப்பு இல்லை. "எந்திரி தாயி. கோயிலுக்குப் போயிட்டு வந்து குடிப்போம்."

போகும் வழியில் அவனே பேசினான். "நான் ஒன்னையப் பாத்தேன், கடையில. அது எந்தங்கச்சிதான். அன்னிக்கு நின்னவ வேற. எனக்குப் புரிஞ்சுபோச்சு." சிறிது தூரம் நடந்தபின், "புரிஞ்சாத்தான் நானும் ஒறங்க முடியும்" என்றான்.

கருப்பன் கோயிலில் பங்காளிகள் சிலர் நின்றார்கள். அந்தக் கோயில் வாசலில் நின்று பொய் சொல்பவர் அங்கே யாரும் இல்லை. பொய் சொல்ல வேண்டியிருந்தால் அந்தப் பக்கம் வராமல் இருந்துவிடுவார்கள். களவு, எல்லைத் தகராறு, புருஷன் பெண்டாட்டி சந்தேகம் எல்லாம் அங்கே ஒரு வார்த்தையில் முடிந்திருக்கின்றன.

"நீ மண்ணைத் தூத்துன எடம் இதான்" என்றான் காசிமாயன். "இங்கன நின்னு சொல்லிரு. அது நானில்ல, என் நோவுன்னு. அம்புட்டுத்தான். கருப்பன் கேக்கட்டும், இவகளும் கேக்கட்டும். திவ்யாவுக்குப் பட்டத்தோட நான் மொத ஆளா வந்து நிக்கிறேன்."

கேட்டது சின்ன வார்த்தை. டாக்டரே பாதி சொல்லிவிட்ட வார்த்தை. அது பொய் என்று எவராலும் நிரூபிக்க முடியாது, ஒருவேளை பொய்யே இல்லாமலும் இருக்கலாம். அதைச் சொன்னால் மகளுக்கு மாமன் கிடைப்பான். சோலையின் சாவுக்கு யாரும் காரணமில்லை என்றாகும். செல்லக்கிளி அடுத்த தடவை சொம்பைக் கையில் கொடுப்பாள். மலைச்சாமி பின்னாலிருந்து, "சொல்லு ஜெயக்கொடி" என்றான், கெஞ்சுவதுபோல்.

அவள் பீடத்தைப் பார்த்தாள். தரையைப் பார்த்தாள். ஏதோ சொன்னாள்.

அந்தப் பாதிக் குரல் யாருக்கும் கேட்கவில்லை. காசிமாயன் பக்கத்தில் வந்து குனிந்து காதைக் கொடுத்தான். அவன் முகத்தில் சிரிப்பு வரத் தொடங்கியிருந்தது.

"என்ன தாயி? கேக்கல."

மாற்றிச் சொல்ல அவளுக்கு நேரம் இருந்தது. அவன் பொறுமையாகக் காத்திருந்தான்.

"நாந்தேண்ணே" என்றாள். "நாந்தேன் சொன்னேன்."

பிறகு குனிந்து ஒரு பிடி மண்ணை எடுத்துத் தன் முந்தானையில் முடிந்துகொண்டாள். காசிமாயன் நிமிர்ந்தான். கோபப்படுவான் என்று பங்காளிகள் எதிர்பார்த்தார்கள். அவன் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, வந்த வழியிலேயே போனான். அவர்கள் திரும்பி வந்தபோது வீட்டுக் கதவு சாத்தியிருந்தது. சொம்பு தண்ணீரோடு அதே இடத்தில் இருந்தது. ஜெயக்கொடி அதைத் தாண்டிப் போய், மலைச்சாமி கையிலிருந்த தாம்பூலத் தட்டை வாங்கி வாசற்படியில் வைத்துவிட்டு நடந்தாள்.

மறுநாள் காலை மலைச்சாமி கடையைத் திறக்காமல் அவளை நேரே ஸ்ரீலட்சுமியிடம் கூட்டிக்கொண்டு போனான். மறுபடி கட்டி வந்துவிட்டது, இல்லாவிட்டால் கால்சியம் ஏறியோ இறங்கியோ போய்விட்டது, நேற்று புத்தி தடுமாறிப் பேசிவிட்டாள் என்றான். ஸ்ரீலட்சுமி ஸ்கேன் பார்த்தார். கட்டி இருந்த இடத்தில் சிறிய தழும்பு. ரத்தம் எடுத்தார்கள். சாயங்காலம் வரை இருவரும் அந்த வராந்தாவில் உட்கார்ந்திருந்தார்கள். அவன் வாங்கிக் கொடுத்த பன்னை அவள் பிய்த்துப் பிய்த்து முழுவதும் தின்றாள்.

"எல்லாம் சரியா இருக்கு" என்றார் ஸ்ரீலட்சுமி. "இவ்வளவு சரியா இதுக்கு முன்னாடி இருந்ததில்லை."

"நல்லாப் பாருங்க டாக்டரம்மா."

"பாத்துட்டேன்."

ஆவணியில் கல்யாணம் நடந்தது. முதல் நாள் காசிமாயன் வீட்டிலிருந்து பட்டமும் மாலையும் புடவையும் நல்லகாமன் கையில் வந்தன. காசிமாயன் வரவில்லை. ஒன்றுவிட்ட மாமன் ஒருவர் பட்டத்தைக் கட்டினார். திவ்யா மணமேடையில் இருந்து வாசலையே பார்த்துக்கொண்டிருந்தாள். கல்யாணத்துக்குப் பிறகு அம்மாவிடம் அவள் கேட்டாள், மலைச்சாமி கேட்டான், நல்லகாமன் குடித்துவிட்டு ஒரு நாள் அழுதுகொண்டே கேட்டான்: "ஒரு வார்த்தைக்கா, ஏன் சொல்லல?"

பதில் யாருக்கும் கிடைக்கவில்லை. முந்தானையில் முடிந்து வந்த மண்ணை அவள் என்ன செய்தாள் என்பதும் தெரியவில்லை.